இரும்பு மேல் இரும்பு

கணபதி, கோயமுத்தூர்
20 ஜனவரி 2025

அன்பு மகள் அன்புக்கரசிக்குப் பெரியப்பா மாசாணம் வாயால் சொல்ல, கையால் எழுதுவது சித்திகா.

எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஓட்டில் ஜெயித்து, தை மாதத்தில் விமானம் ஏறித் திரும்பி வந்தார். இந்திரா அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஆடியில்தான் நீ பிறந்தாய். நம்பர் எனக்குத் தெரியாது. சித்திகா கணக்குப் போட்டு, வருகிற ஆடிக்கு உனக்கு நாற்பது நிறைகிறது என்கிறது. அதனால் எழுதத் தோன்றியது.

எனக்குக் கால் சுகம், கண் சுகம். காதுதான் போய்விட்டது. நாற்பது வருஷம் பவுண்டரியில் காற்று ஊதுகிற புளோயர் பக்கத்தில் நின்ற காது. போனில் நீ பேசினால் தவிட்டுக்குள் எலி ஓடுவது மாதிரி இருக்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. கீழ்வீட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற சித்திகா என் வலது காதில் வாய் வைத்துப் படிக்கும். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் கேட்கும். ஆகவே ரகசியம் எதுவும் எழுதாதே.

பொங்கலுக்கு உன் அம்மா பெருந்துறையிலிருந்து முறுக்கு கொடுத்தனுப்பினாள். நீ லடாக் மலை மேல் போய் நட்சத்திரம் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். பார்த்து என்ன செய்கிறாய்? "பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று ஆட்டோ முகமது ரியாஸ் கேட்கிறான். உடம்பைப் போர்த்திக்கொண்டு இரு. பதில் போடு.

பெரியப்பா மாசாணம்


லடாக்
11 பிப்ரவரி 2025

என் மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே பேனா மை உறைந்துவிடுகிறது, பென்சிலில் எழுதுகிறேன். சித்திகா கண் வலித்தால் மன்னிக்கட்டும். ரியாஸ் அண்ணனிடம் சொல்லுங்கள்: சம்பளம் கொடுக்கிறார்கள், வேலையைச் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை.

நட்சத்திரம் ஓர் உலை, பெரியப்பா. உங்களிடம் சொல்வதைவிட எளிதாக வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. முதலில் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், இருப்பதிலேயே லேசான வாயு. நடுவில் சூடும் நெருக்கமும் தாங்க முடியாமல் போகும்போது அதன் துகள்கள் நாலு நாலாக ஒன்று சேர்ந்து ஹீலியம் என்கிற வேறு வாயுவாகின்றன. சேரும்போது கொஞ்சம் எடை குறைகிறது. அந்தக் குறைந்த எடைதான் வெயில். உங்கள் முற்றத்தில் வடகம் காய வைக்கிற அதே வெயில். உங்கள் உலையில் இரும்பு உருகினாலும் இரும்பாகவே வெளியே வரும். இங்கே சரக்கே வேறு சரக்காக மாறிவிடுகிறது. அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, எந்தச் சரக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா வானத்தைக் காட்டி, "அங்க பாரு கண்ணு, செவப்பா இருக்குதே, அது சூடு கம்மி. இந்த நீலம் நல்லா காஞ்சு கெடக்குது" என்றார். பத்து வருஷம் கழித்துக் கல்லூரிப் புத்தகத்தில் அதே வரி இருந்தது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

காதுக்கு டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மகள் அன்புக்கரசி


கணபதி
3 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

உன் அப்பன் கதிரேசனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பவுண்டரி உலையின் பக்கத்தில் காற்றுப் போகிற துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நீலக் கண்ணாடி. அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பான். "இன்னுங் கொஞ்சம் காயட்டுங்ணா" என்பான். இல்லாவிட்டால் "இப்பத் தொறக்கலாமுங்ணா" என்பான். உருகிய இரும்பு வெளியே வருகிற அடிவாயைத் திறப்பது அவன் வேலை. அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து ஒருவர் சூடு அளக்கிற கருவி கொண்டு வந்தார். கதிரேசன் சொன்னதும் கருவி சொன்னதும் மூன்று முறை ஒத்துப்போனது. கருவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பது வயதாகவில்லை அப்போது அவனுக்கு. அப்படி ஒரு கண்ணை நான் திரும்பப் பார்க்கவில்லை.

உன் உலையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எங்கள் உலைக்குக் காற்று ஊத புளோயர். உன்னுடையதற்கு எது? எங்களுக்கு மேலே மேடையில் ஓர் ஆள் நின்று சரக்குப் போட வேண்டும். கோக்குக் கரி, சுண்ணாம்புக் கல், இரும்பு. இது ஒரு சுற்று. பிறகு மறுபடி கரி, கல், இரும்பு. அந்த ஆள் நான்தான். எழுதத் தெரியாதவன் என்பதால் என் கணக்கு புளியங்கொட்டையில். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை வலது மடியிலிருந்து இடது மடிக்கு மாற்றுவேன். படித்த சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவதும் என் மடியில் இருப்பதும் சாயங்காலம் சரியாக இருக்கும். அங்கே யார் மேடையில் நிற்பது? கசடு எந்த வழியாகப் போகும்?

ரியாஸ் கேட்கச் சொல்கிறான், சூரியன் எப்போது அணையும் என்று. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

பெரியப்பா


பெங்களூரு
24 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

மலையிலிருந்து இறங்கிவிட்டேன். சளி இல்லை. உங்கள் கேள்விகளை என்னுடன் வேலை செய்கிறவர்களிடம் படித்துக் காட்டினேன். "இந்த ஆள் எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டார்கள். கணபதி என்றேன்.

ரியாஸ் அண்ணன் கல்யாணத்தைத் தைரியமாக நடத்தலாம். சூரியனுக்கு இன்னும் ஐந்நூறு கோடி வருஷச் சரக்கு இருக்கிறது.

புளோயர் கிடையாது. நட்சத்திரத்தின் சொந்த எடைதான் உள்நோக்கி அழுத்திச் சூடாக்குகிறது. எரிகிற வெப்பம் அந்த எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. மேடையிலும் ஆள் இல்லை. கசடு வெளியே போவதில்லை, அதுதான் அதிசயம். ஒரு நெருப்பின் கசடு அடுத்த நெருப்புக்குச் சரக்கு. சூரியனைப் போல இருபத்தைந்து மடங்கு கனமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் எரிய ஏறக்குறைய எழுபது லட்சம் வருஷம். அதன் சாம்பலான ஹீலியம் எரிந்து கரியாகவும், நாம் மூச்சு விடுகிற ஆக்சிஜனாகவும் மாற ஏழு லட்சம் வருஷம். அந்தக் கரி எரிய அறுநூறு வருஷம். பிறகு வருவது ஒரு வருஷம், அதற்கடுத்தது ஆறு மாதம். கடைசியாக, மணலில் இருக்கிற சிலிக்கான். அது எரிந்து தீர ஒரே நாள், பெரியப்பா. அது எரிந்து வருவது இரும்பு.

இரும்போடு எல்லாம் நின்றுவிடும். அதுவரை ஒவ்வொன்றும் சேரும்போது சூட்டைக் கொடுத்தது. இரும்பைச் சேர்த்தால் சூடு வராது, அது சூட்டைத் தின்னும். தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழும். மேலே இருக்கிறதெல்லாம் வெடித்துச் சிதறும். உங்கள் பவுண்டரி இரும்பு, உங்கள் ரத்தத்தின் சிவப்பில் இருக்கிற இரும்பு, எல்லாம் அப்படிச் சிதறி வந்ததுதான்.

ஒரு சேதி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இதைப் பற்றித் தமிழில் பேச அழைத்திருக்கிறார்கள். பெரிய மண்டபம், பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். அப்பாவின் கையால் உலை உறைந்துபோன கதையிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். வீட்டில் அதைப் பற்றி அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்று என்ன நடந்தது? நீங்கள் அங்கே இருந்தீர்கள். எழுதுங்கள்.

நலம் கேட்கும் மகள் அன்புக்கரசி


கணபதி
19 மே 2025

அன்பு மகளுக்கு,

பதில் தாமதம். முழங்கால் வீக்கம், கத்திரி வெயில் வேறு. இப்போது தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

எழுபது லட்சம் வருஷம் எரிந்த உலைக்குக் கடைசிச் சரக்கு ஒரே நாள் என்றாயே, அந்த வரியை சித்திகாவிடம் நான்கு நாள் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த வக்கீல் குமாஸ்தா தன் வேலையை விட்டுவிட்டு நின்றார். கசடையே சரக்காக்கி எரிக்கிற உலையை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்களுக்குக் கசடு என்றால் தள்ளுவண்டி, குப்பைமேடு. அங்கே ஒன்றும் வீணாவதில்லை. சேர்த்ததையெல்லாம் கடைசியில் வெளியே வீசிவிட்டுப் போகிற மாதிரி ஒரு முதலாளியை இந்த ஊரில் நான் பார்த்ததும் இல்லை.

இரும்போடு நின்றுவிட்டால் செம்பும் தங்கமும் எங்கிருந்து வந்தன? பழனியாத்தாள் மூக்குத்தி எங்கிருந்து வந்தது? (பழனியாத்தாள் எங்கள் பவுண்டரியில் மணல் சலித்தவள்.) அதை எழுது.

மண்டபத்தில் பேசும்போது சத்தமாகப் பேசு. பிள்ளைகள் பின்வரிசையில் குறும்பு செய்யும்.

பெரியப்பா

அக்கா, சித்திகா எழுதுகிறேன். அன்று என்ன நடந்தது என்று நீங்கள் கேட்ட வரியை, காதில் விழவில்லையோ என்று மூன்று முறை படித்தேன். "கேட்டுது அம்மணி, மேல படி" என்றார். மேலே ஒன்றும் இல்லை, கடிதம் அதோடு முடிந்துவிட்டது. கடையிலிருந்து மாடிக்குப் போகிற கதவுக்கு முட்டாக வைத்திருக்கிற இரும்புக் கட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடை திறக்கும்போதெல்லாம் என் கால் அதில் இடிக்கும். எடுத்துப் போடுங்களேன் என்றால் மாட்டார்.


பெங்களூரு
8 ஜூன் 2025

பெரியப்பாவுக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா? நான் சுகம்.

பழனியாத்தாள் அம்மாவின் மூக்குத்தி வேறு வழி. இரும்புக்கு மேல் கனமானதெல்லாம் நெருப்பில் சேர்ந்து உண்டானதல்ல. நியூட்ரான் என்று மின்சாரம் இல்லாத சின்னத் துகள் ஒன்று உண்டு. அது ஒன்றொன்றாகப் போய் ஒட்டிக்கொள்ள, அணு கனத்துக்கொண்டே போகும். வயதான பெரிய நட்சத்திரங்களுக்குள் அது மெதுவாக நடக்கும். செத்த நட்சத்திரங்களின் நடுக்கட்டிகள் இரண்டு ஒன்றோடொன்று மோதும்போது ஒரே மூச்சில் நடக்கும். தங்கத்தில் நிறைய அந்த மோதலில்தான் வந்தது என்று நினைக்கிறோம்.

பேச்சின் ஆரம்பத்தை எழுதிவிட்டேன். கேட்டுச் சொல்லுங்கள்:

"நாற்பது வருஷத்துக்கு முன் இந்த ஊரில் ஓர் உலை செத்தது. திறக்க வேண்டிய நேரத்தில் என் அப்பா அதன் வாயைத் திறக்கவில்லை. இரும்பு உள்ளே தங்கி உறைந்து உலையைக் கொன்றது. பெரிய நட்சத்திரங்களும் அப்படித்தான் சாகின்றன, உள்ளே தங்கிய இரும்பினால்."

அம்மாவிடம் படித்தேன். "ஊருக்கே சொல்லோணுமா? உங்கப்பன் கவனமில்லாம கெட்டாரு. உங்க பெரியப்பாவப் பாரு, நாப்பது வருசம் ஒரே எடத்துல நின்னாங்க" என்றாள். எனக்கு அதில் வெட்கமில்லை. அப்பாவின் பிழையைப் பெருமையாகத்தான் சொல்லப் போகிறேன்.

அன்புக்கரசி


கணபதி
16 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

கால் பரவாயில்லை. உன் பேச்சில் நட்சத்திரம் மட்டும் இருக்கட்டும். பவுண்டரி வேண்டாம். பிள்ளைகளுக்குப் புரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா


பெங்களூரு
10 ஜூலை 2025

பெரியப்பாவுக்கு,

நலமா? உங்கள் கடிதத்தில் இருந்தது ஐந்தே வரி. உங்களுக்கும் அப்பாவால் அவமானமா? அவர் போன பிறகும் கோயமுத்தூரில் யாராவது "உலையை உறைய வெச்சவன் மகளா?" என்று கேட்டால் அம்மா தலை குனிகிறாள். ஒரு பவுண்டரியும் அவரை மறுபடி சேர்க்கவில்லை. பெருந்துறையில் மூட்டை தூக்கி, பிறகு வாட்ச்மேனாக உட்கார்ந்து, ஒரு நாள்கூட யாரையும் குறை சொல்லவில்லை. நான் வானத்தைப் பார்க்கிறேன் என்றால் அவர் கண்ணால்தான் பார்க்கிறேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் அந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறேன். பேச்சு இணையத்திலும் போகும். ஆகவே தப்பு இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

அன்புக்கரசி


கணபதி
28 ஜூலை 2025

அன்பு மகள் அன்புக்கரசிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்று மதியம் சித்திகாவைக் கடை ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன். ரியாஸ் வெளியே தட்டுகிறான், தட்டட்டும்.

தப்பு இருந்தால் திருத்தச் சொன்னாய். தப்பு இருக்கிறது. அந்தப் பேச்சை அப்படியே பேசினால் மண்டபத்தில் இருக்கிற எந்தப் பழைய உலைக்காரனும் சிரிப்பான். வாய் திறக்க நேரமானால் இரும்பு உள்ளே ஏறும், கசட்டு வழியில் வழியும், கந்தரகோலம் ஆகும். ஆனால் அடியில் கரி எரிகிற வரை உலை சாகாது. இரும்பு எந்த உலையையும் கொல்வதில்லை, கண்ணு. உன் நட்சத்திரத்தையும் அது கொல்லவில்லை, எரிவதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எங்கள் உலையிலும் அதுதான். கரி இல்லை. கரி போடுவது வாயில் நிற்பவன் இல்லை. மேடையில் நிற்பவன்.

எம்.ஜி.ஆர். திரும்பி வந்த அன்றைக்குத்தான் அது. டீக்கடை ரேடியோவில் விமானம் இறங்கியது என்றார்கள். வெளியே வெடி வெடிக்கிறது. எனக்குக் கால் நிற்கவில்லை. இரும்பைக் கொட்டி ஒரு சுற்றை முடித்திருந்தேன். அதன் மேலேயே இன்னும் இரண்டு சுற்றுக்கான இரும்பைக் கொட்டினேன். கரியை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, இரண்டு கொட்டையையும் அப்போதே இடது மடிக்கு மாற்றிவிட்டேன். ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மடியைத் தொட்டுப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது. மேற்கொண்டு அடுத்த சுற்றைப் போட்டேன். நாற்பது வருஷத்தில் வேலைக்கு முன்னால் கொட்டையை மாற்றியது அன்று ஒரு நாள்தான்.

கொஞ்ச நேரத்தில் கதிரேசன் கீழேயிருந்து கத்தினான். "ஏனுங்ணா! கரி போட்டீங்ளா?"

"போட்டேன்டா!"

"கண்ணாடில கரியே காணமுங்ணா. இரும்பு உருகாம கறுப்பா எறங்குது."

அப்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது. கரியை வாரி வாரிக் கொட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. துளைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. புளோயர் மூச்சுத் திணறுகிற சத்தம் இப்போதும் செத்த காதில் கேட்கிறது. திருமலைசாமி முதலாளி ஓடி வந்தார்.

"யார்ரா இது? எவன்டா பண்ணுனது?"

நான் மேடைப் படியில் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. கதிரேசன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான்.

"நானுங்க மொதலாளி. வாய் தொறக்க நேரமாக்கிப் போட்டேனுங்க."

சாயங்காலம் அவனிடம் கேட்டேன், ஏன்டா இப்படிச் செய்தாய் என்று. "உங்களுக்கு மூணு கொழந்தைங்க இருக்குதுங்ணா. எனக்கு இன்னும் பொறக்கவே இல்ல" என்று சிரித்தான். நீ வயிற்றில் மூன்று மாதம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் இப்படி நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அவன் இருக்கும்வரை நான் போகும்போதெல்லாம் "காது எப்படி இருக்குதுங்ணா?" என்றுதான் கேட்டான்.

உறைந்ததை உளியால் பதினொரு நாள் வெட்டினேன். நடுவில் நான் சரக்காகப் போட்ட பழைய பம்ப் சக்கரங்கள் மூன்று ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. இடையில் ஒரு துண்டுக் கரி இல்லை. இரும்பு மேல் இரும்பு. தொழில் தெரிந்தவன் எவன் பார்த்தாலும் யார் செய்தது என்று தெரிந்துவிடும். வேட்டியில் மறைத்து எடுத்து வந்தேன். சித்திகா காலில் இடிக்கிற கட்டி அதுதான். இந்த இடத்தில் சித்திகா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறது. எழுது அம்மணி.

ஒன்பதாம் தேதி உன் அப்பன் கதையைச் சொல்லு. உலையை உறைய வைத்தவன் என்று சொல்லாதே. நீலக் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, கரி இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்தவன் என்று சொல்லு. அவனுக்கு என்ன தெரிந்ததோ அதுதான் உனக்கும் தெரிந்திருக்கிறது, கருவிதான் பெரிது. உறைய வைத்தவன் பெயர் மாசாணம் என்று மண்டபத்தில் சொல்லு. பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்லு. நானும் வருகிறேன். எனக்குக் கேட்காது, உன் வாயைப் பார்த்தால் போதும். அதற்குப் பிறகு என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் பெருந்துறை பஸ் ஏறியிருப்பேன். ஆடிப் பதினெட்டு நெருங்கினால் பவானி ஆற்றுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது, அதற்கு முன்னாலேயே போகிறேன். கட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். ரியாஸ் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கி வருவான்.

திருமலைசாமி முதலாளி போய்ப் பதினாறு வருஷம். பழனியாத்தாள் கொரோனாவில் போனாள். கதிரேசன் பாடையை நானே தூக்கினேன். அன்று மதியம் அவனுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டு வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு, கேட்டில் நின்று முதலாளி பேசிய அத்தனை பேச்சையும் கேட்டவள் ஒருத்தி. என்னை விட்டால் அந்த நாளில் மிச்சம் இருப்பது அவள் மட்டும்தான். உன் அம்மா பொற்கொடி.